அந்த இரண்டாவது கோடு வெறும் கீறல்

பாரிமுனைப் பக்கம் பழைய பேனா தேடிப் போகிறவர்கள், அதிலும் சர்ச் கொயருக்கோ மியூசிக் கிளாஸுக்கோ கையால் நொட்டேஷன் எழுதுகிறவர்கள், இதைப் படித்துவிட்டுப் போங்கள். போன மாதம் 7,500 ரூபாய் கொடுத்து ஒரு 'ஜப்பான் மியூசிக் நிப்' வாங்கினேன். அது ஜப்பானும் இல்லை, மியூசிக்கும் இல்லை. நிப் என்பது மட்டும் உண்மை.

ராயபுரத்தில் எங்கள் சபைப் பாடகர் குழுவுக்கு பார்ட், அதாவது சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனார், பாஸ் என்று ஒவ்வொரு குரலுக்கும் தனித்தனி நொட்டேஷன், எழுதிக் கொடுப்பவன் நான். கம்ப்யூட்டரில் அடித்து பிரிண்ட் எடுக்கலாமே என்பீர்கள். எடுக்கிறோம். ஆனால் எங்கள் கொயர் மாஸ்டர் அய்யா சனிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்குத்தான் "டெனாருக்கு எட்டல, ஒரு டோன் இறக்கிடு" என்பார். அந்த நேரத்துக்குக் கல்மண்டபம் பக்கம் ஜெராக்ஸ் கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கியிருப்பார். ஞாயிறு காலை ஆராதனைக்குள் நாலு பார்ட்டும் தாளில் இருந்தாக வேண்டும். கைதான் கதி.

பால்பாயிண்டில் ஒரு கால் நோட் (குவாட்டர் நோட்) எழுத, அந்த முட்டைத் தலையைச் சுற்றிச் சுற்றி நிரப்ப வேண்டும். ஒரு பக்கத்துக்கு இருநூறு தலை என்றால் மணிக்கட்டு கழன்றுவிடும். மியூசிக் நிப்பின் வேலையே இங்கேதான். முனை உருண்டையாக இல்லாமல் உளி மாதிரித் தட்டையாக இருக்கும். சாதாரணமாகப் பிடித்து எழுதினால் மேலிருந்து கீழ் வரும் கோடு பட்டையாகவும் குறுக்குக் கோடு மெல்லிசாகவும் விழும். பேனாவையோ தாளையோ பக்கவாட்டில் திருப்பிவிட்டால் அப்படியே தலைகீழ்: நோட்டின் கால் மெல்லிசு, நோட்டுகளை இணைக்கும் மேல்கட்டை பட்டை, தலைக்கு ஒரே ஒரு சின்ன இழுப்பு. கை பழகிவிட்டால் நடுவில் மூச்சு விடாமல் ஒரு வரி போய்விடலாம்.

பட்டை முனை மையைக் குடிக்கும். சாதாரண நிப்பில் நடுவே ஒரே வெட்டு. அது வழியாகத்தான் மை இறங்கும். அகலமான முனைக்கு அது பத்தாது என்பதால் பிளாட்டினம் 3776, பைலட் கஸ்டம் 912 மாதிரி ஜப்பான் பேனாக்களின் மியூசிக் நிப்பில் இரண்டு வெட்டு; அவை முனையை மூன்று கிளையாகப் பிரிக்கும். இதெல்லாம் நான் படித்து வைத்திருந்தேன். படித்ததுதான் என்னைக் கவிழ்த்தது. மியூசிக் நிப் என்றால் ரெண்டு வெட்டு என்று மனதில் ஏறிவிட்டது; ரெண்டு கோட்டைப் பார்த்ததும் மற்ற எதையும் கண் பார்க்கவில்லை.

புதுசாக வாங்குவதென்றால் ஐந்து இலக்கம். நமக்குத் தாங்காது. எனவே பழசு தேடினேன். தெரிந்தவர் ஒருவர் சொல்லி, பாரிமுனையில் ஒரு சந்துக்குள் மாடிக் கடைக்குப் போனேன். கடையின் பெயரைப் போடப் போவதில்லை. அதே வட்டாரத்தில் "இது உங்க கைக்கு ஒத்து வராது சார், வேணாம்" என்று சொல்லி வியாபாரத்தையே விடுகிற பேனாக்காரர்களும் இருக்கிறார்கள். ஒருத்தரால் எல்லோருக்கும் கெட்ட பெயர் வேண்டாம்.

கடைக்காரர் நல்ல பேச்சுக்காரர். கருப்பு எபோனைட் (கெட்டி ரப்பர்) உடம்பு, ஃபில்லரில் மை ஊற்றும் ரகம், மஞ்சளாக மின்னும் நிப்.

"உடம்பு நம்மூரு சார், நிப்பு மட்டும் ஜப்பான். சொக்கத் தங்கம் இல்ல, பதினாலு கேரட்டு. ஒரு வெள்ளக்கார வாத்தியாரு வெச்சிருந்தது."

"முத்திரை ஒண்ணும் தெரியலையே அண்ணே?"

"பழசு சார். தேஞ்சி போச்சி. ரெண்டு கோடு தெரியுதா, இல்லையா? அத்தப் பாருங்க."

பார்த்தேன். தெரிந்தது. கருப்பாக, மெல்லிசாக, ரெண்டு. பதினாலு கேரட் நிப்பில் 14K என்றோ 585 என்றோ முத்திரை அடித்திருப்பார்கள். ஆயிரத்துக்கு 585 பங்கு தங்கம் என்று அர்த்தம். எழுதித் தேய்வது முனைதான். உடம்பில் அழுத்தி அடித்த முத்திரை எங்கே தேயும்? இதை அப்போது யோசிக்கவில்லை.

எழுதிப் பார்க்கலாமா என்றேன். தாராளமாக என்று மைப் புட்டியைத் திறந்து நிப்பை முக்கிக் கொடுத்தார். ஒரு சிலுவை போட்டேன். நெட்டுக்கோடு பட்டை, குறுக்குக்கோடு மெல்லிசு. ஐந்து கோடு இழுத்து நாலு நோட் போட்டேன். அச்சுப் போல விழுந்தது. எனக்கு வாயெல்லாம் பல்.

அடுத்தவர் ஏமாறாமல் இருக்க இந்தப் பதிவிலேயே முக்கியமான இடம் இதுதான். முக்கி எழுதிக் காட்டினால் எந்த நிப்பும் எழுதும். நிப்புக்கும் அதன் அடியில் இருக்கும் கட்டைக்கும் நடுவே பிடித்த மை, நாலு வரிக்குத் தாராளமாக வரும். பேனாவுக்குள் இருக்கும் மை ஒழுங்காக இறங்குகிறதா, வேகமாக எழுதும்போது நின்றுவிடுகிறதா என்பதெல்லாம் தெரியவே தெரியாது. மை ஊற்றித் தரச் சொல்லுங்கள். ஒரு முழுப் பக்கம், நீங்கள் எழுதும் வேகத்திலேயே எழுதுங்கள். "ஊத்திட்டா புதுசுன்னு விக்க முடியாது" என்றால், பழைய பேனாவுக்கு அது என்ன நியாயம் என்று கேளுங்கள். எனக்குக் கேட்க வாய் வரவில்லை. ஜிபேயில் 7,500 அனுப்பிவிட்டு, பில் கேட்டதற்கு "நமக்குள்ள என்னா சார் பில்லு" என்றதற்கும் சிரித்துவிட்டு இறங்கி வந்தேன்.

சனிக்கிழமை ராத்திரி. அய்யா வழக்கம்போல ஒரு டோன் இறக்கச் சொல்லியாயிற்று. சாப்பாட்டு மேசையில் தாளை விரித்து ஆல்ட்டோ பார்ட்டை ஆரம்பித்தேன். முதல் வரி பிரமாதம். இரண்டாவது வரியில் மேல்கட்டைகள் ரயில் தண்டவாளம் மாதிரி ஓரம் ரெண்டும் கருப்பு, நடுவில் வெள்ளை. மூன்றாவது வரியில் பேனா நின்றேவிட்டது. உதறினேன். ஒரு பெரிய சொட்டு, சரியாக நாலாவது பாரின் (தாளக் கட்டத்தின்) மேல். அதற்கப்புறம் வலப்பக்க முனை தாளைச் சுரண்ட ஆரம்பித்தது. நாரை இழுத்துக்கொண்டு வந்து மையைப் பூச்சி மாதிரி ஈஷியது. கடைசியில் மகளின் ஸ்கூல் ஜெல் பேனாவில் முடித்தபோது மணி ஒன்றரை.

மை கட்டிப்போயிருக்கும் என்று நினைத்து, மறுநாள் ஒரு டம்ளர் தண்ணீரில் நிப்பைப் போட்டு வைத்தேன். சாயங்காலம் எடுத்துத் துணியில் ஒற்றினேன். ஒரு கோடு கருப்பாக அப்படியே இருந்தது. இன்னொரு கோடு வெள்ளையாக மாறியிருந்தது.

ஜன்னல் வெளிச்சத்தில் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ஊசியாலோ எதனாலோ கீறிய கோடு அது. உலோகத்தை ஊடுருவவே இல்லை. தங்க முலாம் மட்டும் உரிந்து அடியில் இருந்த வெள்ளை தெரிந்தது. கீறலில் மையைத் தேய்த்து விட்டிருக்கிறார்கள். கடை வெளிச்சத்தில் வெட்டு மாதிரியே தெரிந்திருக்கிறது. கீறிய அழுத்தத்தில் அந்தப் பக்கக் கிளை லேசாகக் கீழே இறங்கி, இன்னொரு கிளை ஏறி நின்றது. ஆல்ட்டோ தாளைச் சுரண்டியது அதுதான்.

இன்னும் வெட்கக்கேடானது ஒன்று உண்டு. அசல் வெட்டு நிப்பின் நடுவில் இருந்தது, கீறல் அதற்கு வலப்பக்கம். மூன்று கிளை இருக்க வேண்டுமென்றால் நடுவில் வெட்டே இருக்கக் கூடாது. நடுவில் ஒரு கிளை, அதற்கு இருபுறமும் சமமாக இரண்டு வெட்டு. இங்கே இடப்பக்கம் பாதி நிப், வலப்பக்கம் ரெண்டு கால் நிப். பிள்ளைகளுக்கு முக்கால் தாளம் சொல்லிக்கொடுக்கிற நான் இதை எண்ணிப் பார்க்கவில்லை.

பழைய வண்ணாரப்பேட்டையில் தெரிந்த ஆசாரி ஒருவரிடம் கொண்டுபோனேன். நிப்பின் பின் ஓரத்தில் மெல்லிய அரத்தால் ஒரே ஒரு இழுப்பு. வெள்ளை. "முலாம்தான் தம்பி. அடியில எவர்சில்வர்" என்று நிப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, எவ்வளவு கொடுத்தாய் என்று கேட்டார். சொன்னேன். பதில் பேசாமல் ஊதுகுழலை எடுத்துக்கொண்டார்.

பட்டை முனை எஃகு நிப் கெட்ட சாமான் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். 1.1 மில்லிமீட்டர் ஸ்டப் நிப் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கும், நன்றாகவே எழுதும். இப்போது என் பார்ட் எல்லாம் அதில்தான். வேகம் கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டும், தாளும் கொஞ்சம் கனமாக இருக்க வேண்டும். மெல்லிய நோட்டுத் தாளில் மை பின்பக்கம் வந்துவிடும். கருப்பாக இருக்கிறதே என்று டிராயிங் கடையில் விற்கும் இந்தியன் இங்க்கை மட்டும் ஊற்றிவிடாதீர்கள். அதில் அரக்கு இருக்கும், உள்ளே காய்ந்தால் பேனா காலி. அந்தக் கடைக்காரர் இந்த நிப்பைக் கீறாமல் முந்நூறு ரூபாய்க்குக் கொடுத்திருந்தால் அவரைப் புகழ்ந்து பதிவு போட்டிருப்பேன்.

எங்கள் டெனார் தம்பி ஒருவர் ஹைகோர்ட் பக்கம் வக்கீல் குமாஸ்தா. பில் தர மறுப்பதே 2019 நுகர்வோர் சட்டப்படி முறையற்ற வணிகம்தான் என்றார். ஜிபே ரசீதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கச் சொன்னார். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமே இல்லை, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும், அதற்கு முன் நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அடித்துப் புகார் பதியலாம் என்றார். அடித்தேன், புகார் எண் வந்திருக்கிறது. இப்போதைக்கு அவ்வளவுதான்.

கடைக்கும் போனேன். அவர் பதறவே இல்லை.

"எழுதிப் பாத்துதான வாங்குனீங்க?"

நிப்பை நீட்டிக் கீறலைக் காட்டினேன். ஒரு நொடி பார்த்தார். உடனே இழுப்பறையைத் திறந்து இன்னொரு பேனாவை எடுத்தார்.

"சரி சார், உங்களுக்காக. மேல ஆயிரம் போட்டு இத்த எடுத்துக்கோங்க. செய்லர் கம்பெனி மியூசிக் நிப்பு. ரெண்டு கோடு பளிச்சின்னு இருக்கும்."

செய்லரும் ஜப்பான் கம்பெனிதான், ஆனால் அவர்களின் மியூசிக் நிப்புக்கு ஒரே வெட்டுதான். அதைச் சொன்னேன். அதற்குப் பிறகுதான் முகம் மாறியது. மூவாயிரம் திருப்பித் தருகிறேன், அந்தப் பேனாவைக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்றார்.

கொடுக்கவில்லை. கொடுத்தால் அந்தக் கீறலில் மறுபடி மையைத் தேய்த்து அடுத்த ஆளுக்குக் காட்டுவார். மூவாயிரம் போனதற்கு வீட்டில் வாங்கிக்கட்டிக்கொண்டது தனிக் கதை. பேனா இப்போது எங்கள் கொயர் பீரோவில், பழைய பாட்டுப் புத்தகங்களுக்குப் பக்கத்தில், லென்ஸோடு சேர்த்து ஒரு டப்பாவில் இருக்கிறது. பழைய பேனா வாங்கப் போகிற எங்கள் பிள்ளைகள் முதலில் அதைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் போகிறார்கள்.