டேலி பிரைமின் எடிட் லொக்: எதைப் பிடிக்கும், எதை விட்டுவிடும்

நிதியாண்டு முடியும் மார்ச் 31 கழிந்து கணக்காய்வாளர் வரும்வரையுள்ள வாரங்களில்தான் கணக்கில் கை வைக்கச் சொல்லி நெருக்குவார்கள். வங்கிக்குக் காட்ட இலாபம் கூட வேண்டும், வரிக்குக் குறைய வேண்டும். டேலி பிரைம் என்ற கணக்கு மென்பொருளில் பழைய வவுச்சரை, அதாவது ஒரு கொடுக்கல் வாங்கல் பதிவை, திறந்து தொகையை மாற்ற அரை நிமிடம் போதும். எடிட் லொக் (edit log: பூட்டு அல்ல, திருத்தங்களைக் குறித்துவைக்கும் பதிவேடு) இருந்தால் அந்த மாற்றம் மறையாது. யார், எந்தத் திகதி, எத்தனை மணிக்குத் திருத்தினார், முன்பு என்ன இருந்தது என்பதெல்லாம் நிற்கும். அழித்த வவுச்சரின் தடமும் நிற்கும். கீழே வேலை செய்யும் கணக்காளருக்கு இது பெரிய பாதுகாப்பு. "நான் மாற்றவில்லை" என்பதை அவர் நிரூபிக்கலாம்.

வாங்கும்போது கவனியுங்கள். சாதாரண பதிப்பில் எஃப்11 அழுத்தி லொக்கை அணைத்துவிடலாம். எடிட் லொக் என்றே வரும் தனிப் பதிப்பில் அணைக்க முடியாது. இந்தியக் கம்பனிகளுக்கு 2023 ஏப்ரல் 1 முதல் அணைக்க முடியாத தடப்பதிவு சட்டப்படி கட்டாயம். கொழும்பில் வாங்குபவர்களும் அந்தப் பதிப்பையே கேளுங்கள்.

ஆனால் முதலாளி, கணக்காளர், காசாளர் மூவரும் ஒரே பாஸ்வேர்ட்டில் நுழைந்தால் லொக் வெறும் அலங்காரம். ஆளுக்கொரு பயனர் பெயர் கொடுங்கள், பின்திகதிப் பதிவுக்கு நாள் வரம்பு வையுங்கள். புதிய கம்பனி திறந்து தரவை இறக்கினால் பழைய தடம் அங்கே வராது. அதனால் மாதம் ஒரு பேக்கப் கணக்காய்வாளர் கையில் இருக்கட்டும்.

முதல் பதிவே பொய்யென்றால் லொக்கால் ஒன்றும் செய்ய முடியாது. புறக்கோட்டைத் துணிக்கடை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 18 இலட்சம் ரூபா இன்வொய்ஸில் திகதி மார்ச் 31, துணிக்கட்டு லொறியில் ஏறியதோ ஏப்ரல் 4. வருமானத்தை எப்போது பதியலாம் என்று சொல்லும் இலங்கைக் கணக்கீட்டு நியமமான எஸ்எல்எஃப்ஆர்எஸ் 15 இன்படி, சரக்கின் கட்டுப்பாடு வாங்குபவரிடம் போன பிறகே அது வருமானம். அதே துணியை ஆண்டிறுதி இருப்பிலும் எண்ணியிருந்தால் 18 இலட்சமும் அப்படியே இலாபமாக ஏறி நிற்கும். லொக்கில் ஒரு திருத்தமும் தெரியாது. மார்ச் கடைசி ஐந்து நாள், ஏப்ரல் முதல் ஐந்து நாள் இன்வொய்ஸ்களை எடுத்து, களஞ்சிய வாசலில் கையால் எழுதும் கேட் பாஸ் புத்தகத்தோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டால்தான் அது அகப்படும்.