கற்பனைப் பனி நிலாவுக்கு எது நல்ல முன்மாதிரி: வியாழனின் யூரோப்பாவா, சனியின் என்சலடஸா, நெப்டியூனின் டிரைட்டனா?

விண்வெளி கேம்களில் வரும் பனி நிலாக்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. வெள்ளைத் தரை, மூட்டம், சுழன்றடிக்கும் பனிப்புயல். காற்றே இல்லாத இடத்தில் புயல் எப்படி வீசும்? நம்பும்படியான நிலா வேண்டுமென்றால் நிறத்தையும் மலைகளையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். உள்ளே சூடு எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். தரையின் தோற்றம், கடல், ஆபத்து எல்லாம் அதைப் பின்தொடர்ந்து வரும். சூடு போதாத நிலா எப்படி இருக்கும் என்பதற்கு வியாழனின் காலிஸ்டோ சாட்சி: பல நூறு கோடி ஆண்டுகளாக வாங்கிய விண்கல் அடிகள் அப்படியே கிடக்கின்றன. சனியின் டைட்டனையும் நான் ஒதுக்கிவிட்டேன். அடர்ந்த காற்றும் மீத்தேன் ஏரிகளும் உள்ள அது வேறு வகை கேமுக்கான இடம்.

முதலில் ஈர்ப்பு. கேம் உருவாக்கும் மென்பொருளான யூனிட்டியில் புதிதாக ஒரு புராஜெக்ட் திறந்தால் ஈர்ப்பு பூமியின் அளவான 9.81 (மீட்டர்/விநாடி²) என்றே இருக்கும். அதை மாற்றிய உடனே மூன்று நிலாக்களும் பிரிந்துவிடும். பூமியில் அரை மீட்டர் எம்பிக் குதிக்கும் வேகத்தோடு யூரோப்பாவில் (1.31) குதித்தால் 3.7 மீட்டர் போகலாம், தரைக்குத் திரும்ப கிட்டத்தட்ட 5 விநாடி ஆகும். டிரைட்டனில் (0.78) 6 மீட்டர், 8 விநாடி. என்சலடஸில் (0.113) 43 மீட்டர், கால் தரையில் பட ஏறக்குறைய ஒரு நிமிடம். அங்கே விடுபடு வேகம், அதாவது நிலாவின் பிடியிலிருந்து தப்பத் தேவையான வேகம், விநாடிக்கு 239 மீட்டர்தான். துப்பாக்கியால் மேல்நோக்கிச் சுட்டால் குண்டு திரும்பி வராது, சனியைச் சுற்றப் போய்விடும். சண்டைக் காட்சி வைக்க நினைப்பவர்களுக்கு இது தலைவலி. என்னைக் கேட்டால் இதுதான் அந்த நிலாவின் சுவையே.

அளவு சிறியது என்பதால் தொடுவானமும் பக்கத்தில் வந்துவிடுகிறது. நின்றுகொண்டு பார்த்தால் யூரோப்பாவில் 2.3 கிலோமீட்டர் வரை தெரியும். 504 கிலோமீட்டர் குறுக்களவே உள்ள என்சலடஸில் ஒரு கிலோமீட்டர்கூடத் தெரியாது. சமதளத்தில் அதற்கு அப்பால் உள்ள தரையை வரையவே தேவையில்லை, கிராபிக்ஸ் கார்டுக்கும் சுமை குறைவு.

பனி ஓட்டுக்கு அடியில் இருக்கும் கடலுக்கு வருவோம். யூரோப்பாவில் பனி ஓடு 15 முதல் 25 கிலோமீட்டர் இருக்கலாம் என்பது பரவலான மதிப்பீடு. 20 கிலோமீட்டர் என்று வைத்தால், பனியைத் துளைத்துக் கடலைத் தொடும் இடத்திலேயே சுமார் 240 வளிமண்டல அழுத்தம். மனிதர் நீந்துவதெல்லாம் அங்கே நடக்காது, தடித்த ஓடு கொண்ட ஆழ்கடல் கலம் வேண்டும். என்சலடஸின் தென்துருவத்தில் பனி சில கிலோமீட்டர்தான். 5 கிலோமீட்டர் என்று கணக்குப் போட்டால் அழுத்தம் ஏறத்தாழ 5 வளிமண்டலம், நம் கடலில் 50 மீட்டர் ஆழம் மாதிரி. பயிற்சி பெற்ற முக்குளிப்பவர் போய்வரும் ஆழம் அது! ஆட்டக்காரரைக் கலத்துக்குள் அடைக்காமல் வேற்றுலகக் கடலில் நேரடியாக இறக்கலாம், இயற்பியலும் கோபித்துக்கொள்ளாது.

யூரோப்பாவின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. அங்கே தரையே எதிரி. வியாழனின் கதிர்வீச்சுப் பட்டைக்குள் சுற்றுவதால் மேற்பரப்பில் நாளொன்றுக்கு ஏறக்குறைய 5.4 சீவர்ட் (உடல் வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) கதிர்வீச்சு. ஒரு நாள் வெளியே நின்றாலே உயிருக்கு ஆபத்து. ஆனால் அது எல்லா இடத்திலும் ஒரே அளவு இல்லை, பனிக்கு அடியில் போனால் வெகுவாகக் குறையும். ஒளிந்து ஒளிந்து முன்னேறும் உயிர்பிழைப்பு கேமுக்கு இதைவிட நல்ல வரைபடம் கிடையாது. செம்பழுப்பு வரிகள், இரட்டை முகடுகள், உடைந்து திரும்ப உறைந்த கோனமாரா பகுதி என்று பார்க்கவும் நிறைய உண்டு. 2024 அக்டோபரில் கிளம்பிய நாசாவின் யூரோப்பா கிளிப்பர் விண்கலம் 2030இல் வியாழனை அடையும்போது இன்னும் துல்லியமான படங்கள் வரும்.

டிரைட்டனை 1989இல் வாயேஜர் 2 விண்கலம் ஒரே ஒருமுறை கடந்துபோனது. மேற்பரப்பில் பாதிகூட நல்ல படமாகக் கிடைக்கவில்லை, ஆகவே கற்பனைக்கு இடம் தாராளம். நெப்டியூன் சுழலும் திசைக்கு எதிராகச் சுற்றுவதால், வெளியிலிருந்து வந்து மாட்டிக்கொண்ட நிலா என்ற பின்கதையும் இலவசமாகக் கிடைக்கிறது. மூன்றில் காற்று வீசுவது இங்கேதான். மெல்லிய நைட்ரஜன்தான், ஆனாலும் எட்டு கிலோமீட்டர் உயரம் எழும் கரும் பீய்ச்சல்களைச் சாய்த்து இழுத்துப்போகப் போதும். குளிர் மைனஸ் 235 டிகிரி. தனிமையும் பாழும் வேண்டிய கதைக்கு அருமையான இடம். கடல் வேண்டிய கதைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

என் ஓட்டு என்சலடஸுக்கு, ஒரு திருத்தத்தோடு: குறுக்களவை 1,000 கிலோமீட்டராக்குங்கள். பாறையும் பனியும் கலந்த அதே அடர்த்தியில் ஈர்ப்பு 0.22 ஆகும். அதே குதி இப்போது 22 மீட்டர், 28 விநாடி. மிதக்கும் உணர்வும் இருக்கும், கட்டுப்பாடும் கைநழுவாது. பக்கத்தில் ஒரு துணை நிலாவையும் வையுங்கள். என்சலடஸ் இரண்டு சுற்று முடிக்கும்போது சனியின் இன்னொரு நிலாவான டையோனி ஒரு சுற்று முடிக்கிறது. அந்த இழுப்புதான் பாதையை நீள்வட்டமாகவே வைத்திருக்கிறது, சனி அதைப் பிசைந்து சூடாக்கவும் முடிகிறது. துணையை எடுத்துவிட்டால் பாதை மெல்ல வட்டமாகும், உள்ளே கடல் உறையத் தொடங்கும்.

வானத்தை வரைபவர்களுக்கு ஒன்று. சனி அங்கே நம் முழுநிலவைப் போல அறுபது மடங்கு அகலம், உதிக்காது, மறையாது. தென்துருவத்தில் நின்றால் பாதி மட்டும் தொடுவானத்துக்கு மேலே தெரியும். வளையங்களோ வெறும் கோடு, ஏனென்றால் நிலா சுற்றுவதே வளையத்தின் தளத்தில்தான். விரிந்த வளையம் கட்டாயம் வேண்டுமென்றால் சனியின் மற்றொரு நிலாவான ஐயாபெட்டஸ் போலச் சாய்ந்த பாதை தேவை. ஆனால் அது சனியிலிருந்து வெகுதூரம், இந்தச் சூடு அங்கே கிடைக்காது.

என்சலடஸின் தென்துருவ விரிசல்களிலிருந்து எழும் பனிப் பீய்ச்சல்களைப் புகை மாதிரி சுருள விடாதீர்கள். வெற்றிடத்தில் ஒவ்வொரு பனித்துகளும் எறிந்த கல்லைப் போல வளைந்து விழும், எனவே காற்றுத்தடையைச் சுழியமாக்குங்கள். காசினி விண்கலம் கவனித்த இன்னொன்றும் உண்டு: 33 மணி நேரச் சுற்றில் என்சலடஸ் சனியிலிருந்து மிகத் தள்ளிப்போகும்போது பீய்ச்சல் பல மடங்கு வலுக்கிறது, கிட்டே வரும்போது தணிகிறது. விரிசலுக்குள் எப்போது இறங்கலாம், எப்போது மேலே வந்துவிட வேண்டும் என்பதை ஆட்டக்காரர் அந்தச் சுற்றின் தாளத்தை வைத்தே கணிக்கும்படி செய்யலாம். திரையில் கவுன்ட்டவுன் எதுவும் வேண்டாம்.