ஃப்ளை கட்டப் பழகுவோருக்கான தொடக்கப் பெட்டி: எதை நம்பி வாங்கலாம்?

தூண்டில் முள்ளின் மேல் இறகு, ரோமம், நூல், செம்புக் கம்பி ஆகியவற்றைச் சுற்றி, பூச்சியாகவோ சிறுமீனாகவோ மீனின் கண்ணுக்குத் தெரியும்படி செய்யப்படும் இரைதான் ஃப்ளை. அதைக் கையால் கட்டப் பழக விரும்புவோருக்கென, கருவிகளையும் பொருள்களையும் சேர்த்து அடைத்த தொடக்கப் பெட்டிகள் இணையக் கடைகளில் பல பெயர்களில் விற்கப்படுகின்றன. பெயரும் அட்டைப்பெட்டியின் நிறமும்தான் வேறுபடுகின்றனவே தவிர, உள்ளே இருப்பவை பெரும்பாலும் ஒன்றுதான். ஏறத்தாழ 3,000 ரூபாய் கொடுத்து அவற்றுள் ஒன்றை வாங்கிக் கோயம்புத்தூரில் என் வீட்டு மேசையில் சில மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். கருவிகளுக்காக இந்தப் பெட்டியை வாங்கலாம். கூடவே வரும் இறகுகளையும் முட்களையும் பார்த்து மயங்கி வாங்க வேண்டியதில்லை என்பதே என் கணிப்பு.

முதலில் பார்க்க வேண்டியது வைஸ். முள்ளை அசையாமல் கவ்விப் பிடிக்கும் இந்தச் சிறு கருவி சரியில்லை என்றால் மற்றவை எவ்வளவு நன்றாக இருந்தாலும் பயனில்லை. இந்தப் பெட்டியில் இருப்பது, அமெரிக்காவில் நெடுங்காலம் புழக்கத்தில் இருந்த தாம்சன் 'மாடல் ஏ' வைஸின் நகல். பின்புறமுள்ள கைப்பிடியை அழுத்தினால் தாடைகள் உள்ளிழுக்கப்பட்டு ஒரு குழலின் வாயில் நெருக்கப்படுவதால் முள் இறுகிவிடுகிறது. மேல்நாடுகளில் மலிவு விலைக்கு விற்கப்படும் இத்தகைய வைஸ்களில் பல நம் நாட்டில் செய்யப்பட்டு அங்கே போனவைதாம். 8, 10 எண் முட்களை இது உறுதியாகப் பிடித்துக்கொள்கிறது. எண் கூடக்கூட முள் சிறிதாகும் என்பதால், 14-ஆம் எண்ணுக்கு வரும்போது கம்பி மெலிந்து, நூலை இழுக்கும் ஒவ்வொரு முறையும் முள் மெல்லத் தலைகுனிகிறது. தாடையின் எஃகு மென்மையானது. பெரிய முட்களை அளவுக்கு மீறி இறுக்கினால் அதில் பள்ளம் விழும், அதன் பிறகு சிறிய முட்கள் நிற்கவே நிற்காது. தொடக்கத்தில் சிறிய முட்களின் பக்கம் போகாமல் இருப்பவருக்கு இது பெரிய குறையாகத் தோன்றாது.

நூற்கண்டைத் தாங்கும் பாபின் பிடியில் கவனிக்க வேண்டியது அதன் குழாயின் வாய். உலோகக் குழாயின் விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத பிசிர் ஒன்று இருந்தாலும், பாதி கட்டிய நிலையில் நூல் அறுந்து சுற்றியதெல்லாம் அவிழ்ந்துவிடும். எனக்கு வந்த பிடியில் அந்தப் பிசிர் இருந்தது; மிக நுண்ணிய உப்புத்தாளை ஊசிபோல் சுருட்டி உள்ளே விட்டுத் தேய்த்த பிறகே அது சரியானது. பீங்கான் உள்ளுறை கொண்ட பிடியைத் தனியாக வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை. பிடியின் இரு கால்களும் கண்டை அளவுக்கு மீறி அழுத்தினாலும் நூல் அறுபடும் என்பதால், அவற்றைக் கையால் சற்றே விரித்து, பிடியைத் தொங்கவிட்டால் தன் எடையில் இறங்காமலும், இழுத்தால் தடையில்லாமல் நூல் வரும்படியும் வைத்துக்கொள்ள வேண்டும். கத்தரிக்கோலைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நுனிகள் ஒன்றோடொன்று சேரவில்லை. தையல் பொருள்கள் விற்கும் கடையில் பூவேலைக்கென்று கிடைக்கும் சிறு கத்தரி இதைவிட எவ்வளவோ மேல்.

கட்டி முடித்ததும் நூல் அவிழாமல் கடைசி முடிச்சைப் போட உதவும் கருவியைப் பற்றிப் பெட்டியோடு வந்த சிறு கையேடு ஒரு மங்கலான படத்தோடு நிறுத்திக்கொள்கிறது. கருவி குறையற்றது, சொல்லித்தரும் விதம்தான் போதாது. காணொளியைப் பார்த்துப் பழகலாம், அல்லது விரலாலேயே மூன்று நான்கு அரைமுடிச்சுகளைப் போட்டு அதன்மேல் நிறமில்லாத நகப்பூச்சைத் தொட்டு வைக்கலாம். வாழைநாரில் மல்லிகை தொடுக்கும் விரல்களுக்கு இந்த முடிச்சு அந்நியமாகத் தோன்றாது.

உண்மையான ஏமாற்றம் பொருள்களில்தான் காத்திருக்கிறது. பெட்டியைத் திறந்தவுடன் பல வண்ணங்களில் மராபூ எனப்படும் மென்மையான இறகுகளும், பஞ்சுக் கயிறுபோன்ற ஷெனில் சுருள்களும், மினுக்கு இழைகளும் கண்ணைப் பறிக்கின்றன. ஆனால் எல்லாவற்றிலும் கொஞ்சம் இருக்கிறதே ஒழிய எதிலும் போதிய அளவு இல்லை. ஃப்ளை கட்டுவது ஒரே வடிவத்தைத் திரும்பத் திரும்பக் கட்டுவதால் மட்டுமே கைக்கு வரும் வேலை. ஒரு நிறத்தில் இரண்டு இறகு, இன்னொரு நிறத்தில் இரண்டு இறகு என்று கொடுத்தால் பழகுபவர் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவிக்கொண்டே இருப்பார். சேவல் கழுத்திறகுகள் குட்டையானவை, அடிப்பகுதியில் பஞ்சுபோல் மென்மையானவை. நீருக்குள் மூழ்கும் ஃப்ளைகளுக்கு அவை பொருந்தும். நீரின் மேல் மிதக்க வேண்டியவற்றுக்குப் பொருந்தா. மிதக்கும் ஃப்ளைகளுக்கென்றே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்த சேவல்களின் நீண்ட, விறைப்பான இறகுகளை அமெரிக்காவின் கொலராடோவிலுள்ள வைட்டிங் போன்ற பண்ணைகள் விற்கின்றன. அந்த விலையில் இப்படிப் பல பெட்டிகள் வாங்கலாம் என்பதால், தொடக்கத்தில் அந்த வகையை ஒதுக்கி வைப்பதே அறிவுடைமை.

முட்களையும் சோதித்துப் பார்க்க வேண்டும். வைஸில் பொருத்தி, நரம்பைக் கோக்கும் துளையான கண் உள்ள முனையை நகத்தால் அழுத்திவிட்டால், நல்ல முள் சுண்டிக்கொண்டு பழைய இடத்துக்கே திரும்பும். மட்டமானது வளைந்தபடியே நிற்கும், அல்லது பட்டென்று முறியும். பெட்டியில் வந்தவற்றில் கணிசமானவை வளைந்தபடி நின்றன. அவற்றைப் பழகுவதற்கு மட்டும் வைத்துக்கொண்டு, தண்ணீரில் போடுவதற்கு நல்ல முட்களைத் தனியாக வாங்குவதே சரி.

இத்தனை குறைகளுக்கு நடுவிலும் இந்தப் பெட்டியைக் கொண்டு ஒரு ஃப்ளையைச் செம்மையாகக் கட்டிவிட முடிகிறது. கறுப்பு 'ஊலி பக்கர்' எனப்படும் அதற்குத் தேவையான மராபூவும் ஷெனிலும் இறகும் ஓரளவு இருக்கின்றன. நீண்ட தண்டுள்ள 8-ஆம் எண் முள்ளை மட்டும் வெளியே வாங்க வேண்டும். முள்ளின் தண்டு முழுவதும் நூலை நெருக்கமாகச் சுற்றி அடித்தளம் போட்ட பிறகு, தண்டின் நீளத்துக்குச் சமமாக மராபூவை வாலாக வைக்க வேண்டும். தொடக்கக்காரரின் கை தடுமாறும் இடம் இதுவே. நூலை நேராக இறுக்கினால் அது இறகையும் இழுத்துக்கொண்டு முள்ளின் அந்தப் பக்கத்துக்குப் போய்விடும். இறகை முள்ளோடு சேர்த்துக் கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் பிடித்து, நூலைத் தளர்வாக அந்த விரல்களுக்கு இடையே ஏற்றி, மறுபக்கம் இறக்கி, அதன் பிறகு மேல்நோக்கி இழுத்தால் இறகு இருந்த இடத்திலேயே அமர்ந்துகொள்ளும். அடுத்ததாக ஷெனிலை முன்னோக்கிச் சுற்றி, அதன்மேல் இறகை இடைவெளி விட்டுச் சுருளாக ஏற்றி, மெல்லிய செம்புக் கம்பியை எதிர்த்திசையில் சுற்றி இறகைப் பூட்ட வேண்டும். கண்ணுக்குப் பின்னால் சிறிது இடம் விட்டு நிறுத்துவது முக்கியம். அந்த இடத்தையும் ஷெனில் அடைத்துக்கொண்டால் முடிச்சுப் போட இடமில்லாமல் நூல் கண்ணின் மேலேறி, பிறகு தூண்டில் நரம்பைக் கோக்கவே முடியாது.

பெட்டியில் இருக்கும் செம்புக் கம்பி முழம் அளவுக்கும் வராது. கோவையில் இருப்பவர் அதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை. மோட்டார் காயில் கட்டும் கடைகளில் கழித்துப் போடும் மெல்லிய கம்பியே போதும். இங்கிலாந்தின் வில்ட்ஷயர் பகுதியில் ஏவன் ஆற்றைப் பராமரித்துவந்த ஃபிராங்க் சாயர், ஃபெசன்ட் என்ற பறவையின் வாலிறகையும் செம்புக் கம்பியையும் மட்டும் வைத்து, நூலே இல்லாமல் தம் புகழ்பெற்ற நிம்ஃபை, அதாவது நீருக்குள் வாழும் இளம்பூச்சி போன்ற ஃப்ளையை, கட்டினார். மயில் தோகையின் இழைகளும் உடல் பகுதிக்கு மிக ஏற்றவை. உதிர்ந்த தோகையை உள்நாட்டில் விற்கத் தடையில்லை, ஏற்றுமதிக்குத்தான் தடை என்பதால், மேல்நாட்டுக் கடையில் எண்ணி எண்ணி வாங்கும் பொருள் நமக்குக் கோயில் வாசல்களில் கிடைக்கிறது. அந்த இழை எளிதில் அறுந்துவிடும். நூலோடு சேர்த்து முறுக்கிய பிறகே சுற்ற வேண்டும். ஆனால் காட்டுக்கோழி இறகு வேறு கதை. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் அந்தச் சேவலின் கழுத்திறகு, மெழுகு பூசியதுபோன்ற புள்ளிகளுக்காக விக்டோரியா காலத்து சால்மன் ஃப்ளைகளில் கண்ணாக வைக்கப்பட்டு, பெருமளவில் கப்பலேறியது. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அந்தப் பறவையைப் பாதுகாப்பதால், யாராவது அதை ரகசியமாக விற்க முன்வந்தால் தொடவே கூடாது.

ஃப்ளை என்றாலே நீலகிரியின் ட்ரௌட் மீன்தான் பலருக்கு நினைவுக்கு வரும், 1907-இல் எச். சி. வில்சன் அவலாஞ்சியில் அமைத்த குஞ்சு பொரிப்பகத்தின் தொடர்ச்சி அது. அங்கே தூண்டில் போட உரிய அனுமதி வேண்டும். பழகுபவருக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. தூண்டில் போட அனுமதியுள்ள ஊர்க் குளத்தில் ஜிலேபிக் கெண்டை, மெதுவாக இழுக்கப்படும் சிறிய கறுப்பு ஊலி பக்கரைத் தயங்காமல் கவ்வும்.

வைஸ் இரவல் கிடைப்பவரும், ஏற்கெனவே ஒரு ஃப்ளையையாவது கட்டிப் பார்த்தவரும் இந்தப் பெட்டியை வாங்க வேண்டியதில்லை. கருவிகளைத் தனித்தனியாக வாங்கினால் ஏறத்தாழ அதே செலவில் தரமானவை கிடைக்கும். மற்றவர்கள் வாங்கலாம். பெட்டியின் இறகுகள் தீர்ந்த பிறகு கோழிக்கடையில் கேட்டு வாங்கும் சேவல் இறகுகளைச் சோப்பு நீரில் அலசி, நிழலில் உலர்த்தி, காற்றுப் புகாத பையில் கட்டிச் சில நாள்கள் உறைபெட்டியில் வைத்து எடுத்த பிறகே மற்றவற்றோடு சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் அவற்றோடு வரும் பூச்சி, மயில் தோகை உட்பட அனைத்தையும் அரித்துத் தீர்த்துவிடும்.