கூடாரத்தில் ஓர் இரவு: ஜவ்வாதா, கேதார்காந்தாவா?

மார்கழியிலும் மின்விசிறியைச் சுழலவிட்டுத் தூங்குகிறவர்கள் நாம். கடலூர், புதுச்சேரிக்காரர்கள் மலையேற்றத்துக்குக் கிளம்பும்போது முழங்காலைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். முழங்கால் எப்படியோ சமாளித்துவிடும். இரவு எப்படிப் போகும் என்று யாரும் கேட்பதில்லை.

இப்போது அதிகம் அடிபடும் பெயர்கள் இரண்டு: ஜவ்வாது மலை, உத்தராகண்டின் கேதார்காந்தா சிகரம். பயணத்தையும் செலவையும் பொறுத்தவரை போட்டியே இல்லை. திருவண்ணாமலை, போளூர் வழியாகக் காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு ஜவ்வாது மலைமேல் இருக்கும் ஜமுனாமரத்தூர். கேதார்காந்தாவுக்கு தில்லி, தேராதூன், அங்கிருந்து மலைப்பாதையில் ஒரு பகல் முழுக்க வண்டி. அப்புறம்தான் நடை தொடங்கும் சாங்க்ரி கிராமம். ஒரு வார விடுப்புக்குக் குறைந்து முடியாது.

ஜவ்வாதில் கூடாரம் என்று விளம்பரம் செய்வது பெரும்பாலும் தனியார் நிலத்தில். சிமெண்டுக் கழிவறை இருக்கும், குழாயில் தண்ணீர் வரும், தை மாதக் குளிருக்கு ஸ்வெட்டரும் கம்பளியும் போதும். பக்கத்துக் கூடாரத்தின் ஒலிபெருக்கிக்குத்தான் மருந்து கிடையாது. காட்டுக்குள்ளேயே தங்கவைப்பதாக யாராவது சொன்னால் வனத்துறை அனுமதியைக் காட்டச் சொல்லுங்கள். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேற வந்தவர்கள் 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். விதிகள் இறுகியது அதன் பிறகுதான். 2024இல் அரசு 40 பாதைகளோடு ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தைத் தொடங்கியது. பழங்குடியினர் உள்ளிட்ட உள்ளூர் இளைஞர்களே வழிகாட்டிகள். ஆனால் அவை பகலில் போய்ப் பகலிலேயே திரும்பும் நடைகள்.

கேதார்காந்தாவின் உச்சி சுமார் 12,500 அடி. குளிர்காலத்தில் முகாமில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே இறங்கிவிடும். ஒரு கூடாரத்தில் இரண்டு அல்லது மூன்று பேர். இரவுச் சாப்பாடு ஏழு மணிக்குள்: ரொட்டி, பருப்பு, சோறு, ஏதோ ஒரு காய். உயரத்தில் தண்ணீர் 90 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது. ரசம், மோர் எல்லாம் ஊர் திரும்பிய பிறகுதான். படுக்கும் முன் பாட்டிலில் வெந்நீர் நிரப்பித் தூக்கப்பைக்குள் (ஸ்லீப்பிங் பேக்) கால்மாட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். மறுநாள் போடும் காலுறையும் கைப்பேசியும் உள்ளேயே இருக்கட்டும்; குளிரில் பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடும். குளிருக்குப் பயந்து கூடாரத்தை முழுக்க மூடிவிடாதீர்கள். மூச்சின் ஈரம் துணியில் உறைந்து விடியற்காலையில் முகத்தில் சொட்டும்.

கழிவறை என்பது தோண்டிய குழியும் அதைச் சுற்றி ஒரு சிறு கூடாரமும். வேலை முடிந்ததும் மண்ணைத் தள்ளி மூட வேண்டும், தண்ணீருக்குப் பதில் காகிதம். நம்மவர்கள் பாதிப் பேர் இதற்குப் பயந்தே மாலையிலிருந்து தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். அது தலைவலியில் கொண்டுபோய் விடும். உயரத்தால் வரும் தலைவலியும் அதே மாதிரிதான் இருக்கும் என்பதால், எது எது என்று வழிகாட்டிக்கே குழப்பம் வரும். தூக்கம் விட்டு விட்டு வருவது அங்கே சகஜம். தலைவலியோடு குமட்டலும் தள்ளாட்டமும் சேர்ந்தால் மறைக்காமல் அப்போதே சொல்லிவிட வேண்டும். கீழே இறங்குவதுதான் மருந்து. உச்சிக்குப் போகும் நாளில் விடியுமுன் இரண்டு, மூன்று மணிக்கே எழுப்பிவிடுவார்கள்.

இத்தனைக்கும் பிறகு, கூடாரத்தில் தங்குவதுதான் ஆசை என்றால் கேதார்காந்தா என்றே சொல்வேன். அங்கே இரவு முகாம் இல்லாமல் மலை இல்லை. சமையல்காரர், வழிகாட்டி, சுமை தூக்கும் கோவேறு கழுதை என்று எல்லாம் அதற்காகவே பழகியவை. ஜவ்வாதில் கூடாரம் ஓர் அலங்காரம். அங்கே பகலில் நடந்துவிட்டுக் கூரைக்குக் கீழே படுப்பதே உத்தமம். நட்சத்திரம் பார்க்கவும் குழந்தைகளோடு போகவும் ஜவ்வாதுதான். காவலூரில் 2.34 மீட்டர் வைனு பாப்பு தொலைநோக்கி நிற்கும் மலையாயிற்றே, வானத்துக்குக் குறைவில்லை.

பயிற்சிக்குப் புதுச்சேரி கடற்கரைச் சாலையில் நடப்பது போதாது, அது ஒரே சமதளம். செஞ்சி ராஜகிரிக் கோட்டைக்கு முதுகுப்பையோடு சில ஞாயிறுகள் ஏறி இறங்குங்கள். முன்பணம் கட்டுவதற்கு முன் மூன்று கேள்விகள்: கூடாரத்துக்கு எத்தனை பேர், தூக்கப்பை எத்தனை டிகிரி வரை தாங்கும், ஆக்சிஜன் சிலிண்டர் முகாமில் இருக்குமா, அடிவாரத்திலா? கடைசிக் கேள்விக்கு மழுப்பினால் வேறு ஆளைப் பாருங்கள்.