கார் வூஃபர் 'பேக்கேஜ்': டிரிம்முக்குப் பின்னால் நடக்கும் மோசடி

கம்பெனி ஸ்டீரியோ அப்படியே இருக்கட்டும், டிக்கியில் 12 இஞ்ச் வூஃபர் (பேஸ் ஸ்பீக்கர்), ஆம்ப் (ஆம்பிளிஃபயர்), பாக்ஸ், வயரிங், ஃபிட்டிங் எல்லாம் சேர்த்து ஒரே ரேட் என்று சொல்லும் கடையில் காரை விடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். அப்படிப் போட்ட ஒரு காம்பாக்ட் எஸ்.யூ.வி.யில் முதலில் பேஸ் அடிக்கும்போதெல்லாம் ஹெட்லைட் மங்கியது. பிறகு ஆம்ப் தன்னைக் காத்துக்கொள்ளத் தானாகவே அணைந்து அடிக்கடி புரொடெக்‌ஷனுக்குப் போனது. கடைசியில் கம்பெனி ஸ்டீரியோவே ஊமையாகிவிட்டது. "வண்டில கரண்ட் பத்தல சார், பெரிய பேட்டரியா போட்டுடலாம்" என்று கடையில் இன்னொரு பில்லுக்கு அடிபோட்டார்கள். உள்பக்க பிளாஸ்டிக் மூடியான டிரிம்மைக் கழற்றியபோது பேட்டரியில் எந்தக் குறையும் இல்லை என்பது தெரிந்துவிட்டது.

முதலில் பவர் வயர். 4 கேஜ் என்று விற்றது. பிளாஸ்டிக் உறைதான் அந்தத் தடிமன். உள்ளே இருந்த கம்பி 8 கேஜ் அளவுகூடத் தேறாது. நிஜமான 4 கேஜில் சுமார் 21 சதுர மில்லிமீட்டர் கம்பி இருக்கும், 8 கேஜில் சுமார் 8 தான். பிளேடால் சுரண்டினால் மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளி நிறம். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய சி.சி.ஏ. வயர் அது. அதே தடிமனுள்ள செம்புக் கம்பியோடு ஒப்பிட்டால் கடத்துதிறன் மூன்றில் இரண்டு பங்குதான். ஆம்புக்குப் போய்ச் சேரும் வோல்ட் குறைந்ததற்கு இதுவும், பெயின்ட்டைச் சுரண்டாமல் போல்ட்டில் மாட்டிய எர்த்தும் (பாடியோடு சேர்க்கும் மைனஸ்) காரணம்.

இதைவிட ஆபத்தானது ஃபியூஸ். பேட்டரி பக்கத்தில் ஃபியூஸே இல்லை, ஆம்புக்குப் பக்கத்தில் ஒன்று வைத்திருந்தார்கள். அது ஆம்பைத்தான் காப்பாற்றும். பானெட்டிலிருந்து டிக்கிவரை போகும் முழு நீள வயருக்கும் பாதுகாப்பு கிடையாது. போதாததற்கு இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள ஃபயர்வால் ஓட்டையில் ரப்பர் வளையம் (குரோமெட்) போடாமல் வயரை இழுத்திருந்தார்கள். தகரத்தின் விளிம்பு உறையைப் பாதி அறுத்துவிட்டது. மீதியும் அறுந்து பாடியில் உரசினால் பேட்டரியின் மொத்தக் கரண்டும் அந்த வயர் வழியே பாயும். கார் தீப்பிடிப்பது இப்படித்தான்.

ஸ்டீரியோ செத்த கதை வேறு. கம்பெனி ஸ்டீரியோக்களில் பெரும்பாலும் ஆர்.சி.ஏ. அவுட் (ஆம்புக்குத் தனியாகச் சிக்னல் தரும் சாக்கெட்) இருக்காது, ஸ்பீக்கர் வயரிலிருந்துதான் சிக்னல் எடுக்க வேண்டும். ஆன் செய்ததும் ஸ்பீக்கரின் பிளஸ், மைனஸ் இரண்டிலுமே 6 வோல்ட் அளவுக்கு இருக்கும். அந்த மைனஸ் எர்த் அல்ல. இங்கே அதை பாடியோடு சேர்த்துவிட்டார்கள், அவுட்புட் ஐ.சி. எரிந்தது. கப்ளரை (வயர்களை இணைக்கும் பிளக்கை) வெட்டி, முறுக்கி, டேப் சுற்றியிருந்ததைப் பார்த்த சர்வீஸ் சென்டர் வாரன்ட்டி இல்லை என்றது. அவர்கள் பக்கம் தப்பில்லை. உங்கள் மாடலுக்கான கப்ளர்-டு-கப்ளர் ஹார்னஸும் (பொருந்தும் பிளக் உள்ள வயர் செட்), ஹை லெவல் இன்புட் (ஸ்பீக்கர் வயர் சிக்னலையே வாங்கும் வசதி) உள்ள ஆம்பும் இருந்தால் ஒரு வயரைக்கூட வெட்ட வேண்டியதில்லை. மஞ்சள் உறை போட்ட வயர்கள் ஏர்பேக்குக்குப் போவது, அவற்றில் யாரையும் கை வைக்க விடாதீர்கள்.

ஆம்ப் புரொடெக்‌ஷனுக்குப் போனதும் லைட் மங்கியதும் ஓம் (மின்தடை) கணக்கு தெரியாததால். வூஃபரில் 4 ஓம் காயில் (உள்ளே இருக்கும் கம்பிச் சுருள்) இரண்டு. அவற்றை பேரலலாக இணைத்தால் 2 ஓம். இரண்டு சேனலை ஒன்றாக்கி பிரிட்ஜ் செய்த அந்த ஆம்ப் தாங்குவது குறைந்தபட்சம் 4 ஓம். அதற்கு 2 ஓம் காயில் இரண்டு உள்ள வூஃபரைக் கொடுத்து சீரிஸில் இணைத்திருக்க வேண்டும். பாக்ஸ் டெர்மினலில் மல்டிமீட்டர் வைத்தாலே தெரிந்துவிடும்: 4 ஓம் லோடு 3.2 முதல் 3.8 வரை காட்டும். இங்கே 1.8 காட்டியது.

ஸ்டிக்கரில் 2000 வாட் என்று இருக்கும், நம்ப வேண்டாம். ஆம்பில் இருக்கும் ஃபியூஸைப் பாருங்கள். ஒரே ஒரு 30 ஆம்பியர் என்றால் 13.8 வோல்ட்டில் உள்ளே போவதே சுமார் 414 வாட். கிளாஸ் ஏ.பி. வகை ஆம்பில் அதிலிருந்து 250 வாட் வெளியே வந்தால் பெரிது. கேட்க வேண்டியது ஆர்.எம்.எஸ். வாட் (தொடர்ந்து தரக்கூடிய பவர்) மட்டும்.

கெயினை (ஆம்பில் சிக்னல் அளவை வைக்கும் திருகை) முழுக்கத் திருகி, பேஸ் பூஸ்ட்டையும் ஏற்றிவிட்டு "எப்படி அடிக்குது பாருங்க சார்" என்பார்கள். அந்த கிளிப்பிங்கில் (சிக்னலின் உச்சி வெட்டுப்படுவதில்) காயில் கருகும், கருகிய காயிலுக்கு வாரன்ட்டி தர மாட்டார்கள். பூஸ்ட் பூஜ்ஜியம், லோ பாஸ் (அதற்கு மேலுள்ள ஒலியைத் தடுக்கும் ஃபில்டர்) 80 ஹெர்ட்ஸ். வூஃபரைக் கழற்றி, ஸ்டீரியோ வால்யூம் முக்கால் பங்கில் 50 ஹெர்ட்ஸ் டோன் ஓடவிட்டு, ஆம்ப் அவுட்டில் ஏ.சி. வோல்ட் பார்த்துக் கெயின் வைக்க வேண்டும். 4 ஓமில் 250 வாட் என்றால் 31.6 வோல்ட்டில் நிறுத்த வேண்டும்.

பில்லில் "மியூசிக் சிஸ்டம் செட்" என்று ஒற்றை வரி எழுத விடாதீர்கள். வயர் செம்பா, எத்தனை கேஜ், ஃபியூஸ் எத்தனை ஆம்பியர் என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். டிரிம்மை மூடுவதற்கு முன் ஃபயர்வால், எர்த், கப்ளர் மூன்றையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மூடிய பிறகு எந்தக் கடையும் திறந்து காட்டாது.

ஏற்கெனவே போட்டிருந்தால் இன்றைக்கே பானெட்டைத் திறந்து பாருங்கள். பேட்டரி பிளஸ்ஸிலிருந்து 45 செ.மீ.க்குள் ஃபியூஸ் இல்லையென்றால், 10 நம்பர் ஸ்பேனரால் முதலில் மைனஸ் டெர்மினலைக் கழற்றி, ஆம்ப் வயரை பிளஸ்ஸிலிருந்து எடுத்து முனையில் டேப் சுற்றிவிட்டு, பிறகு மைனஸை மாட்டுங்கள். சரியான ஃபியூஸ் போடும்வரை வூஃபர் இல்லாமலே வண்டி ஓடட்டும்.