மட்டக்களப்பில் கீபோர்ட் லூப் பண்ணக் கொடுப்பவர்கள் கவனம்: உள்ளே இருக்கிற சுவிட்ச் மாறி வருகிறது

ஒவ்வொரு பட்டனுக்கு அடியிலும் தனிச் சுவிட்ச் இருக்கிற மெக்கானிக்கல் கீபோர்ட் வைத்திருக்கிற நம்ம பக்கத்து ஆட்கள் இதை முழுதாக வாசித்துவிடுங்கள். பேஸ்புக்கில் படம் போட்டு, சுவிட்ச் லூப் பண்ணித் தருவேன் (உள்ளே உரசாமல் இருக்கக் கிரீஸ் பூசுவது), ஸ்பேஸ் பார் கிடுகிடுப்பை எடுத்துத் தருவேன் என்று வீட்டில் வைத்து ஓடர் எடுக்கிற ஒருவரிடம் என்னுடைய கீபோர்டைக் கொடுத்தேன். திரும்பி வந்தபோது அதற்குள் இருந்த நல்ல சுவிட்ச்களில் பெரும்பகுதி இல்லை, அந்த இடங்களில் வேறெங்கோ கழற்றிய பழைய மலிவுச் சுவிட்ச்கள் இருந்தன. முறைப்பாடு கொடுத்திருக்கிறேன், அது முடியும் வரைக்கும் ஆளின் பெயரைப் போட மாட்டேன். ஆனால் எப்படி மாற்றினார், அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பது எல்லாருக்கும் தெரிய வேண்டும், ஏனென்றால் கல்முனையில் எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளைக்கும் இதே ஆளால் வேறு விதமாக நட்டம்.

நான் டவுனில் அச்சகங்களுக்குப் பக்கம் அமைத்துக் கொடுக்கிற வேலை செய்கிறேன். கலியாண அட்டை, நினைவு மலர், கோயில் நோட்டீஸ், எல்லாம் பாமினி என்கிற தமிழ்த் தட்டச்சு முறையில் அடிப்பதுதான். நாள் முழுக்க விரல் அதில்தான் கிடக்கிறது, அதனால் முதலில் வேலைக்கென்று தேடத் தொடங்கியது பிறகு பெரிய ஆசையாகவே மாறிவிட்டது. கட்டாரில் இருக்கிற தம்பி லீவில் வரும்போது சாமான்களைப் பையில் வைத்துக் கொண்டுவந்து தந்தான். 2022 இல் டொலர் 200 ரூபாவில் இருந்து 360 வரைக்கும் ஏறின பிறகு வெளியில் இருந்து ஒவ்வொன்றாக எடுப்பது எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை, அவன் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கியது அது. அலுமினியம் கேஸ், 68 பட்டன், ஈயம் வைக்காமல் சுவிட்சைச் செருகிக் கழற்றுகிற ஹொட்ஸ்வொப் போர்ட், கேட்டரான் இங்க் பிளாக் சுவிட்ச். கல்லடி வீட்டில் விறாந்தையில் இருந்து அவனும் நானும் சேர்ந்து பூட்டினோம். சுவிட்ச்களைத் திறந்து லூப் பண்ணுவதற்குள் அவனுடைய லீவு முடிந்துவிட்டது.

இங்க் பிளாக் தெரியாதவர்களுக்கு: புகை படிந்த கண்ணாடி மாதிரி உள்ளே மங்கலாகத் தெரிகிற கறுப்புக் கூடு, அழுத்தும்போது நடுவில் தடை இல்லாமல் நேரே இறங்கும், கொஞ்சம் கனமான ஸ்பிரிங். அதன் மேல்கூடும் கீழ்க்கூடும் சற்றே தளர்வாக இருக்கும் என்பதால் இரண்டுக்கும் நடுவில் மெல்லிய பிலிம் ஒன்று வைத்து மூடுவார்கள். தம்பி அந்தப் பிலிமையும் கொண்டுவந்திருந்தான், ஆரஞ்சு நிறம். இந்த நிறத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் சொல்கிறேன்.

மாமாங்கம் தொடங்கி கொக்கட்டிச்சோலை, மண்டூர் என்று கோயில் நோட்டீஸ் வரிசையாக வருகிற காலத்தில் 68 சுவிட்சைத் திறந்து, ஒவ்வொன்றின் தண்டையும் ஸ்பிரிங்கையும் தூரிகையால் தடவி மூடிக்கொண்டிருக்க எனக்கு நேரம் இல்லை. இது பொறுமையான வேலை, லூப் கூடினால் மந்தமாகும், குறைந்தால் சரசரக்கும். அந்த ஆள் பேஸ்புக்கில் போட்டிருந்த படங்களும் வீடியோக்களும் சுத்தமாக இருந்தன, நல்ல சத்தம். ஒரு சுவிட்சுக்கு 60 ரூபா, பிலிம் நான் தருவது, கிரைடொக்ஸ் 205ஜி0 என்கிற லூப் தான் பூசுவது என்று வட்ஸ்அப்பில் எழுத்தில் பேசிக்கொண்டோம். பாதிக் காசு முன்பணம்.

திரும்பி வந்த கீபோர்டை மேசையில் வைத்து எஸ்கேப் பட்டனையும் அம்புக்குறிப் பட்டன்களையும் கழற்றிப் பார்த்தேன். கேட்டரான் பெயர், ஆரஞ்சு பிலிம், அளவாகப் பூசிய வெள்ளை லூப், எல்லாம் இருந்தது. மிச்சக் காசையும் கொடுத்துவிட்டேன். ஓரத்தில் கழற்ற இலகுவாக இருக்கிற பட்டன்களைத்தான் யாரும் கழற்றிப் பார்ப்பார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அந்த ஓரச் சுவிட்ச்களை அவர் செய்திருந்த விதம் உண்மையிலேயே அருமை, தொட்டால் விரலுக்குத் தெரியும். வேலை தெரியாத ஒருவர் கெடுத்துவிட்டார் என்றால் மனம் ஆறும். இவர் நன்றாகத் தெரிந்தவர், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வேலையைத் தொடங்கிய பிறகுதான் பிரச்சினை வந்தது. பாமினியில் புள்ளி வைப்பது செமிகோலன் பட்டன். தமிழில் புள்ளி இல்லாமல் ஒரு வரி போகுமா, வலது சுண்டுவிரல் அதிலேயேதான் நிற்கும். ஒருமுறை அழுத்தினால் இரண்டு புள்ளி விழத் தொடங்கியது. யூனிகோடில் அடிக்கும்போது இரண்டாவது புள்ளி எழுத்தில் ஒட்டாமல், புள்ளிகளால் ஆன ஒரு வட்டத்தின் மேல் தனியாக ஏறி நிற்கும். ஒரு நினைவு மலரில் இறந்தவருடைய பெயரிலேயே அது வந்தது. நல்லவேளை, புரூஃப் பார்க்கும்போது கண்ணில் பட்டது. கே பட்டன், அதாவது ம, சில நேரம் விழவே இல்லை.

அவருக்கு எழுதினேன். “பர்ம்வேர் பிழை அக்கா, கொண்டாங்க, டிபவுன்ஸ் கூட்டித் தாறன்” என்றார், அதற்கும் தனியாகக் காசு கேட்டார். பர்ம்வேர் என்பது கீபோர்டுக்குள்ளேயே ஓடுகிற மென்பொருள். டிபவுன்ஸ் என்பது என்னவென்றால், சுவிட்சுக்குள் இருக்கிற உலோகத் தகடு தொடும்போது ஒரு கணம் துள்ளும், அந்தத் துள்ளலை இரண்டாவது அழுத்தமாக எண்ணாமல் விடுவதற்காக பர்ம்வேர் சிறிது நேரம் பொறுக்கும். கியூஎம்கே என்கிற பர்ம்வேரில் வழமையாக இது 5 மில்லி செக்கன். நல்ல சுவிட்சுக்கு அந்த நேரம் போதும். அதைக் கூட்டினால் குறை மறையும், சுவிட்ச் நல்லதாகாது. எது பிழை என்று நீங்களே பார்க்க வழி இருக்கிறது. குறை உள்ள சுவிட்சைக் கழற்றி வேறு இடத்தில் போட்டு, அந்த இடத்துக்கு நல்லது ஒன்றைப் போடுங்கள். குறை சுவிட்சோடு சேர்ந்து போனால் சுவிட்ச் பழுது. இருந்த இடத்திலேயே நின்றால் சுவிட்ச் செருகுகிற சொக்கட்டில் அல்லது போர்டில் பிழை.

அப்படிச் செய்யத்தான் செமிகோலன் சுவிட்சை இழுத்து எடுத்தேன். கையில் வந்தது இங்க் பிளாக் இல்லை. மேலே பெயரே இல்லாத கறுப்புச் சுவிட்ச், வெளிச்சத்தில் பிடித்தால் ஒன்றும் தெரியாத முழுக் கறுப்பு. ஒரு காலின் ஓரத்தில் கடுகளவு ஈயப் பொட்டு ஒட்டிக்கொண்டிருந்தது, அதாவது ஈயம் வைத்த வேறொரு போர்டில் இருந்து உருக்கிக் கழற்றியது. மற்றக் கால் வளைந்து நிமிர்த்தப்பட்ட அடையாளம். என்னுடையது 5 கால் சுவிட்ச்: நடுவில் தடித்த பிளாஸ்டிக் தண்டு, இரண்டு பக்கமும் சின்னப் பிளாஸ்டிக் கால், பிறகு உலோகக் கால் இரண்டு. இதில் அந்தப் பக்கக் கால்களே கிடையாது, 3 கால் சுவிட்ச். அன்று இரவு எல்லாப் பட்டனையும் கழற்றி அடுக்கினேன். 50க்கு மேல் மாறியிருந்தது, ஒன்றில்கூட பிலிம் இல்லை.

இப்படி மாற்றுவது ஏன் இவ்வளவு இலகு என்றால், இன்றைக்குச் சந்தையில் கிடைக்கிற பெரும்பாலான சுவிட்ச்கள் ஜேர்மனியின் செரி நிறுவனம் 1980களில் கொண்டுவந்த எம்எக்ஸ் அமைப்பைப் பின்பற்றியவைதான். அதன் காப்புரிமை முடிந்த பிறகு சீனாவில் பல நிறுவனங்கள் செய்யத் தொடங்கின. உலோகக் கால் இருக்கிற இடம் ஒன்று, கீகேப், அதாவது எழுத்துப் போட்ட மேல்மூடி, பூட்டுகிற சிலுவை வடிவம் ஒன்று. விலை கூடியதைக் கழற்றிவிட்டு அடிமட்டச் சுவிட்சைச் செருகினாலும் கீகேப் மேலே உட்கார்ந்துவிடும், வெளியில் இருந்து ஒன்றும் தெரியாது.

சுவிட்ச் போனது மட்டும் இல்லை. ஈயம் ஒட்டிய தடித்த கால்களைத் தள்ளிச் செருகியதில் சொக்கட்டுக்குள் இருக்கிற உலோகத் தகடுகள் சில விரிந்துவிட்டன. மிச்சம் இருந்த நல்ல சுவிட்சை அங்கே போட்டாலும் இப்போது பிடிக்கவில்லை. போன் திருத்துகிற தம்பி ஒருவர் பழுதான சொக்கட்டுகளை எடுத்துவிட்டுப் புதியவை வைத்துத் தந்தார், அதற்குச் செலவு வேறு.

அப்புறம் அந்த கிரீஸ். மாற்றிய சுவிட்ச்களிலும் ஸ்பேஸ் பாரை ஆடாமல் பிடிக்கிற ஸ்டெபிலைசரிலும் அவர் அப்பியிருந்தது மஞ்சளாக, சைக்கிள் கடை மணத்தோடு இருந்தது. கிரைடொக்ஸ் 205ஜி0 வெள்ளை, மணம் கிடையாது. சந்தேகம் வந்தால் இப்படிப் பாருங்கள்: கொஞ்சம் வழித்துக் கண்ணாடித் துண்டில் வைத்து ஒரு சொட்டு மண்ணெண்ணெய் விட்டுக் குச்சியால் கலக்குங்கள். சாதாரண கிரீஸ் கரைந்துவிடும். கிரைடொக்ஸ் வேறு வகை எண்ணெயில் செய்தது, மண்ணெண்ணெயில் கரையாமல் அப்படியே நிற்கும். தயவுசெய்து இதைச் சுவிட்சின் மேல் செய்யாதீர்கள், மண்ணெண்ணெய் பட்டால் கூட்டில் வெடிப்பு விடலாம். பெற்றோலிய கிரீஸும் பாலிகார்பனேட் பிளாஸ்டிக்குக் கூடாது, நாளாக மயிரிழை வெடிப்பு விடலாம். வாகன கிரீஸ், வாசலின் இரண்டும் சுவிட்சுக்குப் போடக்கூடாது என்று சொல்வது அதனால்தான்.

எல்லாவற்றையும் படம் எடுத்து அனுப்பினேன். “கடற்கரைக்குக் கிட்ட வீடு அக்கா, உப்புக்காத்து பிடிச்சிருக்கும். நீங்க தந்தத அப்படியே தந்திருக்கன்” என்று குரல் பதிவு வந்தது. உப்புக்காற்று காலைத் துருப்பிடிக்க வைக்கும், அது உண்மை. சுவிட்சின் மேல் இருந்த பெயரை அது அழிக்காது, இரண்டு பிளாஸ்டிக் காலை வெட்டாது, பிலிமை எடுத்துக்கொண்டு போகாது. அதை எழுதினேன். அதற்கு வந்த பதில், “உங்களுக்கு இதெல்லாம் விளங்காது அக்கா, வீட்டில ஆம்பிளயள் இருந்தா கதைக்கச் சொல்லுங்க.” அதோடு என்னை புளொக் பண்ணிவிட்டார். என் கையால் பூட்டிய கீபோர்ட் அது.

கல்முனைப் பிள்ளையின் கதை கீகேப் பற்றியது. பிபிடி என்கிற தேய்வு குறைந்த பிளாஸ்டிக் என்று சொல்லி, அந்த விலைக்கே விற்றிருக்கிறார். கொஞ்ச மாதத்தில் எழுத்துப் பட்டன்கள் எண்ணெய் பூசினது போல் பளபளக்கத் தொடங்கிவிட்டன. பிபிடியும் காலப்போக்கில் தேயும், ஆனால் இவ்வளவு வேகமாக இல்லை. நான் சொன்னபடி அவள் ஒரு கிளாஸ் தண்ணீரில் இனிக் கரையாது என்கிற அளவுக்கு உப்பைக் கரைத்து, ஒரு கீகேப்பைக் காற்றுக் குமிழி இல்லாமல் அமிழ்த்தி விட்டுப் பார்த்தாள். மிதந்தது. ஏபிஎஸ் என்கிற மற்றப் பிளாஸ்டிக் அந்த உப்புத் தண்ணீரை விட இலேசு, பிபிடி கனம், தாழ்ந்துவிடும். வெறும் தண்ணீரில் இரண்டுமே தாழும், உப்புப் போட்டால்தான் வித்தியாசம் தெரியும். ஏபிஎஸ் கூடாத பொருள் என்று இல்லை, ஜேர்மனியின் ஜிஎம்கே செய்கிற விலை கூடிய கீகேப்கள்கூட ஏபிஎஸ்தான். ஒன்றைச் சொல்லி இன்னொன்றை விற்றதுதான் இங்கே பிழை.

யாரிடமாவது வேலைக்குக் கொடுக்க வேண்டி வந்தால், முதலில் கேஸைத் திறந்து போர்டின் அடிப்பக்கத்தைப் படம் எடுங்கள். 5 கால் சுவிட்ச் என்றால் பக்கக் கால்களின் நுனி துளைக்குள் தெரியும், திரும்பி வரும்போது அந்தத் துளை வெறுமையாக இருந்தால் சுவிட்சைக் கழற்றாமலே விசயம் விளங்கிவிடும். சுவிட்சின் அடியில் அழியாத மார்க்கரால் ஒரு பொட்டு வைத்தாலும் நல்லது. மிச்சக் காசைக் கொடுக்கு முன் ஓரத்தில் இருக்கிறதை விட்டுவிட்டு நடுவில் பத்துப் பட்டனைக் கழற்றிப் பாருங்கள், அவர் முகத்தைச் சுளித்தாலும் பரவாயில்லை. ரசீது கேளுங்கள். தரமாட்டேன் என்றால் என்ன சாமான், என்ன லூப், எவ்வளவு காசு என்பதை எழுத்தில் வாங்குங்கள், போனில் வாயால் பேசியது பிறகு உதவாது.

நான் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்குத்தான் முறையிட்டேன். 1977 என்ற இலக்கத்துக்கு அடித்தால் தமிழிலேயே கேட்கலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி பொருளுக்கும் சேவைக்கும் எழுத்தில் முறையிடலாம், மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், அதனால் இழுத்தடிக்கிறவரை நம்பி நாளைக் கடத்தாதீர்கள். வட்ஸ்அப் உரையாடல், காசு போட்ட வங்கிச் சீட்டு, முன்னும் பின்னும் எடுத்த படங்கள், எல்லாம் கொடுத்திருக்கிறேன். கல்முனைப் பிள்ளையும் தன்னுடையதை எழுதுகிறாள்.

இனி அந்த ஆரஞ்சு பிலிம். என்னுடைய இங்க் பிளாக் 50க்கு மேல் எங்கேயோ இருக்கின்றன. மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் யாராவது லூப் பண்ணிப் பிலிம் வைத்த இங்க் பிளாக் என்று 68க்குக் குறைந்த ஒரு ஒழுங்கில்லாத எண்ணிக்கையில் விற்க வந்தால், ஒன்றைத் திறந்து பாருங்கள். பிலிம் ஆரஞ்சு நிறமாக இருந்தால் வாங்க முதல் எனக்கு ஒரு மெசேஜ் போடுங்கள். ஏற்கெனவே வாங்கியிருந்தாலும் பயப்பட வேண்டாம், உங்களிடம் நான் காசோ சுவிட்சோ கேட்க மாட்டேன். யாரிடம் வாங்கினீர்கள் என்பதும் ஒரு படமும் போதும்.