எஃப்சி-150 பிக்கப்: எஃப்சி எடுத்து ஓட்டத் தேறுமா?

மஹிந்திரா எஃப்சி-150 பிக்கப்பை முதல் பழைய வண்டியாக வாங்கலாமா? எஞ்சினைப் பார்த்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். கேபினைப் பார்த்தால் கண்ணைத் திறந்துகொண்டு, கையில் ஒரு ஸ்க்ரூடிரைவரோடு போகவேண்டும்.

பெயரில் உள்ள எஃப்சி ஆர்டிஓ ஆபீஸில் எடுக்கும் எஃப்சி (தகுதிச் சான்று) அல்ல, ஃபார்வர்டு கன்ட்ரோல். ஓட்டுபவர் முன்சக்கரத்தின் தலைமேலேயே உட்காருவார். எஞ்சின் இரண்டு சீட்டுக்கும் நடுவே ஒரு தகர மூடிக்குள் கிடக்கும். 1956 கடைசியில் அமெரிக்காவின் வில்லிஸ் கம்பெனி வெளியிட்ட வண்டி இது. பிறகு இங்கே மஹிந்திராவும் செய்தது. வீல்பேஸ் 81 அங்குலம்தான் என்பதால் சந்துக்குள்கூடத் திரும்பும். மூக்கு கனம், வால் லேசு. ஈரத் தார் ரோட்டில் காலிப் பெட்டியோடு பிரேக்கை அழுத்தினால் பின்சக்கரம் வழுக்கத்தான் செய்யும்.

எஞ்சின் 2199 சிசி ஹரிக்கேன் பெட்ரோல். சிஜே-3பி ஜீப்பிலும் இதேதான் என்பதால் பிஸ்டன், ரிங், பேரிங், கேஸ்கெட், வாட்டர் பம்ப் எல்லாம் சென்னை புதுப்பேட்டையிலோ ஜி.பி. ரோட்டிலோ தேடினால் அகப்படும். கியர்பாக்ஸும் ஜீப்பில் உள்ள டி-90 தான். கேபின் சாமான்கள் கதையே வேறு. முன் கண்ணாடி, கதவு, கண்ணாடியைச் சுற்றி வரும் ரப்பர் பீடிங் இதெல்லாம் எஃப்சி-150க்கு மட்டுமே உரியவை. கதவு இல்லாத வண்டியை மலிவாக வாங்குவது, தாழ்ப்பாள் வாங்கிவிட்டு வீடு தேடுகிற கதை. எஞ்சின் ஜாமாகி, கேபின் முழுசாக இருக்கும் வண்டியே புதியவருக்குச் சரி.

கடலூர், புதுச்சேரிப் பக்கம் வாங்குவதானால், அந்த வண்டி முன்பு எதை ஏற்றியது என்று முதலில் விசாரியுங்கள். கடலூர் முதுநகர் துறைமுகத்தில் மீனும் ஐஸும் ஏற்றிய பிக்கப்பில் உப்புத்தண்ணி பலகை இடுக்கு வழியாக வருஷக்கணக்கில் சேஸிஸ் மேல் ஒழுகியிருக்கும். பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் சுமந்த வண்டிக்கு அந்தச் சங்கடம் குறைவு. பெயின்ட் பளபளப்பு ஒன்றையும் சொல்லாது. பெட்டியைத் தாங்கும் குறுக்குச் சட்டம், ஸ்பிரிங்கைச் சேஸிஸோடு இணைக்கும் ஷாக்கிள் மாட்டும் இடம், கேபின் மவுண்ட், மிதியடிக்குக் கீழே உள்ள தகடு என்று ஒவ்வொன்றையும் சுத்தியலால் தட்டுங்கள். கணீரென்று கேட்டால் நல்ல இரும்பு. சொத்தென்று கேட்டால் ஸ்க்ரூடிரைவரால் குத்துங்கள். உள்ளே போனால் டிங்கரிங் செலவு எஞ்சின் செலவைத் தாண்டும். ஷாக்கிள் மவுண்டிலேயே ஓட்டை என்றால் விட்டுவிடுங்கள்.

காகிதமும் அதே அளவுக்கு முக்கியம். இந்த வயது பெட்ரோல் ஜீப்புகள் பலவற்றுக்கு இடையில் டீசல் எஞ்சின் மாட்டியிருப்பார்கள், ஆர்சியில் இன்னும் பெட்ரோல் என்றே இருக்கும். எஞ்சின் நம்பரையும் எரிபொருளையும் ஆர்சியோடு ஒத்துப்பாருங்கள். கையால் எழுதிய பழைய ஆர்சி புக் என்றால் அது அரசின் ‘வாகன்’ பதிவுக் கம்ப்யூட்டரில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறவில்லையென்றால் பழைய பதிவை அதில் ஏற்றும் பேக்லாக் என்ட்ரி போடவேண்டும். பிஒய்-01 (புதுச்சேரி) வண்டியை டிஎன்-31க்கு (கடலூர்) மாற்ற புதுச்சேரி ஆபீஸில் ஃபார்ம் 28-ல் என்ஓசி வாங்கவேண்டும். ஐம்பது வருஷத்தைத் தாண்டிய சொந்த உபயோக வண்டிக்கு 20,000 ரூபாய் கட்டி விண்டேஜ் நம்பர் வாங்கலாம் என்று 2021-ல் விதி வந்தது. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அந்த நம்பரோடு அன்றாடம் ரோட்டில் ஓட்டக்கூடாது; கண்காட்சி, ராலி, பராமரிப்பு மாதிரியான காரியங்களுக்கு மட்டும்தான். சந்தைக்குப் போய்வர ஆசைப்படுபவர் வழக்கமான பதிவையே காப்பாற்றிக்கொள்வது மேல். சரக்கு வண்டியாகப் பதிவானதற்கு எஃப்சி தீர்ந்துபோனால் பதிவே செல்லாத மாதிரிதான். ஒரு சின்ன ஆறுதல்: சுமையோடு சேர்த்து மொத்த எடை 3,000 கிலோவுக்குள் உள்ள சரக்கு வண்டிக்குப் பெர்மிட் வேண்டாம். எஃப்சி-150 சுமார் 2,270 கிலோ.

வண்டி வந்து இறங்கியதும் எல்லோரும் ஓடுவது எஞ்சினிடம். தப்பு. பிரேக்கை முடியுங்கள் முதலில். இது ஒற்றைச் சர்க்யூட். எங்கே ஒரு பைப் விட்டாலும் நாலு சக்கரமும் போச்சு. மாஸ்டர் சிலிண்டரையும் நாலு சக்கரச் சிலிண்டர்களையும் பிரித்து உள்சுவரில் நகத்தை ஓட்டுங்கள். நகம் சிக்கினால் அந்தக் குழியை ஹோன் (உள்சுவரைத் தேய்க்கும் கல்) போட்டுத் தேய்க்க வேண்டாம். தேய்த்தால் துளை பெரிதாகி, புது ரப்பர் கப்பும் ஒரு மாதத்தில் ஒழுகும். லேத்தில் கொடுத்து உள்ளே ஸ்டெயின்லெஸ் ஸ்லீவ் (உறைக் குழாய்) போடுங்கள், இல்லை புதிதாகவே வாங்குங்கள். இரும்பு பைப் அத்தனையும் மாற்றவேண்டியது. பைப் முனையை இரட்டையாக மடித்து விரிக்கும் டபுள் ஃப்ளேர் போடுங்கள். பிரேக் பைப்பிலிருந்து காற்று எடுப்பதை மாஸ்டருக்குத் தொலைவான சக்கரத்தில் தொடங்குங்கள்.

பின்சக்கர டிரம்மைக் கழற்றுவதில்தான் புதியவர்கள் அடிபடுவார்கள். ஆக்சில் முனை கூம்பு, ஹப் அதில் இறுகியிருக்கும். சுத்தியலால் அடித்தால் பேரிங் கெடும். ஸ்க்ரூ புல்லர் மாட்டி, நட்டை முழுசாகக் கழற்றாமல் நாலைந்து மரை விட்டு வைத்து இறுக்குங்கள். விடுபடும்போது வெடி மாதிரி சத்தம் வரும், அந்த நட்டுதான் ஹப் பறந்து வராமல் பிடிக்கும். ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை, முன்னும் பின்னும் உள்ள சக்கரங்களுக்கு விசையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால் தனி டிரம்மில் இருக்கிறது. அங்கே ஆயில் சீல் கசிந்தால் லைனிங் ஊறிப்போகும். எஃப்சி சோதனையில் ஹேண்ட் பிரேக் பிடிக்கவில்லை என்றால் லைனிங்கை மாற்றுவதற்கு முன்னால் அந்தச் சீலைப் பாருங்கள்.

இனி எஞ்சின். நாலு பிளக்கையும் எடுத்து ஒவ்வொரு துளையிலும் 10 மில்லி எஞ்சின் ஆயில் விட்டு ஓர் இரவு விடுங்கள். மறுநாள் டாப் கியரில் போட்டு வண்டியைத் தள்ளிப் பாருங்கள். எஞ்சின் சுற்றினால் செல்ஃப் அடிக்கலாம். சுற்றாத எஞ்சினுக்குச் செல்ஃப் அடித்தால் ரிங்தான் உடையும். பழைய ஆயிலை வடித்து, ஃபில்டரோடு சேர்த்து 4.7 லிட்டர் 20டபிள்யூ-50 ஊற்றி, பிளக் இல்லாமலே சிறிது சிறிதாகச் செல்ஃப் அடித்து ஆயில் மீட்டர் முள் எழுகிறதா பாருங்கள். முள் எழாமல் ஸ்டார்ட் பண்ணக்கூடாது.

இந்த எஞ்சினில் ஒரு விசேஷம்: இன்டேக் வால்வு ஹெட்டில், எக்ஸாஸ்ட் வால்வு பிளாக்கில். பல காலம் நின்ற வண்டியில் ஜாம் ஆவது அநேகமாகப் பிளாக்கில் உள்ள எக்ஸாஸ்ட் வால்வுதான். ஒரு சிலிண்டரில் மட்டும் கம்ப்ரஷன் ஏறாவிட்டால் ஹெட்டைக் கழற்றும் முன் பக்கவாட்டு மூடியைத் திறந்து பாருங்கள்; வால்வு மேலேயே நின்றுகொண்டிருக்கும். வால்வு கிளியரன்ஸ் (இடைவெளி) எஞ்சின் ஆறியிருக்கும்போது இன்டேக் 0.018 அங்குலம், எக்ஸாஸ்ட் 0.016. டிஸ்ட்ரிபியூட்டர் பாயிண்ட் இடைவெளி 0.020, பிளக் 0.030. ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2, ரோட்டார் சுற்றுவது கடிகாரத்துக்கு எதிர்த்திசையில். ஒயரைக் கடிகாரத் திசையில் மாட்டிவிட்டு கார்பரேட்டரைக் குறை சொல்பவர்கள் உண்டு.

பெட்ரோல்தான் இன்றைய தலைவலி. இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. பழைய பம்ப் டயாஃப்ரமும் ஹோஸும் அதில் உப்பி இளகிவிடும். எத்தனாலைத் தாங்கும் விட்டான் ரப்பரில் மாற்றிவிடுங்கள். எத்தனால் ஈரத்தை உறிஞ்சும், கடலோரக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. பாதி டேங்கோடு பல நாள் நிறுத்தினால் அடியில் தண்ணீர் பிரிந்து நிற்கலாம். நிறுத்துவதானால் டேங்கை நிரப்பி நிறுத்துங்கள், இல்லை வடித்துவிடுங்கள். அக்னி நட்சத்திர வெயிலில் மூடிக்குள் சூடு ஏறி, பெட்ரோல் பைப்பிலேயே ஆவியாகி வண்டி நின்றுபோகும். எக்ஸாஸ்ட்டுக்கும் பைப்புக்கும் நடுவே ஒரு தகடு கட்டுங்கள். ரேடியேட்டரில் போர் தண்ணி வேண்டவே வேண்டாம், இங்கே அது உப்பு. டிஸ்டில்டு வாட்டரில் கூலன்ட் கலந்து ஊற்றுங்கள்.

கியர்பாக்ஸுக்கு 90 நம்பர் ஆயிலில் ஜிஎல்-4 கேளுங்கள். ஜிஎல்-5 உள்ளே இருக்கும் பித்தளை சாமான்களைத் தின்னும். டயர் கேட்கும்போது சில கடைகளில் டிராக்டர் முன்சக்கர டயரை எடுத்து வைப்பார்கள். அளவு ஒன்றாக இருக்கலாம், ஆனால் அது ரோட்டு வேகத்துக்கானது அல்ல.

முதல் ஓட்டத்துக்குக் கடலூரில் புதுச்சேரி மெயின் ரோடு வேண்டாம். விடிகாலையில் தேவனாம்பட்டினம் போகும் ரோடு போதும். 20 கிலோமீட்டர் வேகத்தில் பத்து முறை பிரேக் பிடித்து, எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பாருங்கள். 50 கிலோமீட்டர் ஓடியதும் பின் ஹப் நட்டை மறுபடி 150 அடி-பவுண்டுக்கு இறுக்குங்கள். கொஞ்சம் நகரலாம்.